புராடக்ட் கீ தொலைந்துவிட்டால் விண்டோஸை மறுபடி நிறுவ முடியுமா?

நீங்கள் இரண்டு கணினிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, 2019-ஆம் ஆண்டு விண்டோஸ் 10 ஹோம் பதிப்புடன் வாங்கிய மடிக்கணினி. அதன் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவருவதால் புதிய எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை முதலிலிருந்து நிறுவ நினைக்கிறீர்கள். பெட்டியும் காகிதங்களும் வீடு மாறியபோது போய்விட்டன, விண்டோஸ் உரிமத்தை உறுதிசெய்யும் புராடக்ட் கீயை எங்கும் எழுதிவைக்கவில்லை, பழுது பார்க்கும் கடையில் புதிய கீக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். மற்றொன்று, விண்டோஸ் 7 காலத்து மேசைக் கணினி. அதன் பக்கவாட்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன.

மடிக்கணினிக்குப் புதிய கீ வாங்க வேண்டாம். அது விண்டோஸுடனேயே விற்கப்பட்டது என்றால், அதன் கீ தொலையவே இல்லை. மதர்போர்டில் உள்ள சில்லு ஒன்றுக்குள் இன்றும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினாலும், எஸ்எஸ்டி போட்டாலும், எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் அது அழியாது.

இது எப்படி என்பதைச் சற்று விளக்குகிறேன், ஏனெனில் இது தெரியாததால்தான் பலர் வீணாகப் பணம் கட்டுகிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7 ஆகியவற்றின் காலத்தில், கணினியின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டப்பட்ட ஸ்டிக்கரில் 25 எழுத்துகள் கொண்ட கீ அச்சிடப்பட்டிருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் இந்த முறையைக் கைவிட்டது. அது முதல், மடிக்கணினி தயாராகும் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியான கீ, பயாஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேருக்குள் (மதர்போர்டில் இருந்து கணினியைத் தொடக்கும் நிரல்) எழுதப்படுகிறது. எம்எஸ்டிஎம் என்று பெயரிடப்பட்ட சிறிய அட்டவணை ஒன்றில் அது இருக்கும். அந்த அட்டவணையின் மொத்த அளவு 85 பைட்டுதான். அதன் கடைசி 29 பைட்டுகளில், நான்கு இணைப்புக் குறிகளோடு சேர்த்து உங்கள் கீ அப்படியே எழுத்தாக இருக்கிறது. ஆகவே 2019-ஆம் ஆண்டு மடிக்கணினியின் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கரைத் தேடினால் கிடைக்காது. அது கிழிந்து போகவில்லை, முதலிலிருந்தே ஒட்டப்படவில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நம் ஊரில் விலையைக் குறைப்பதற்காக டாஸ் அல்லது லினக்ஸ் மட்டும் போட்ட மடிக்கணினிகளும் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கியதும் கடைக்காரரே விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட கணினியின் ஃபர்ம்வேரில் கீ இருக்காது, உரிமமும் இருந்திருக்காது. உங்கள் கணினி எந்த வகை என்பதை இப்போதே, பழைய ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடலாம். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சிறு கட்டத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடும் அதை ஒட்டி டி, எல், ஐ என்ற எழுத்துகளும் தட்டி என்டர் அழுத்துங்கள். சில நொடிகளில் ஒரு சாளரம் திறந்து, எந்தப் பதிப்பு, எந்த வழியில் உரிமம் வந்தது, கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் எவை என்று காட்டும். அங்கே ஓஇஎம் டிஎம் (ஓஇஎம் என்பது கணினியைத் தயாரித்த நிறுவனம்) என்று இருந்தால் ஃபர்ம்வேரில் உள்ள கீதான் பயன்பாட்டில் இருக்கிறது. ரீட்டெய்ல் என்று இருந்தால் தனியாக வாங்கிய உரிமமாகவோ, மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகும் டிஜிட்டல் உரிமமாகவோ இருக்கலாம். வால்யூம் என்று இருந்தால், தனிநபர் கணினியைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டிய விஷயம் அது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கீயைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்றால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ஷோகீபிளஸ் என்ற செயலி போதும். அது இரண்டு கீகளைக் காட்டும்: ஒன்று இப்போது நிறுவப்பட்டுள்ள கீ, மற்றொன்று ஃபர்ம்வேரில் உள்ள ஓஇஎம் கீ. எழுதிவைக்க வேண்டியது இரண்டாவதை. இந்த இடத்தில் பலர் தவறு செய்கிறார்கள். டிஜிட்டல் உரிமத்தில் ஓடும் விண்டோஸ் 10, 11 கணினிகளில் நிறுவப்பட்ட கீ என்று காட்டப்படுவது பெரும்பாலும் உலகம் முழுவதும் எல்லோருக்கும் பொதுவான ஒரு கீ. புரோ பதிப்பென்றால் அது 3, வி, 6, 6, ட்டி (T) என்றும், ஹோம் பதிப்பென்றால் 8, எச், வி, எக்ஸ், 7 என்றும் முடியும். அதைப் பத்திரமாக எழுதிவைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து நிறுவும்போது தட்டினால் விண்டோஸ் நிறுவப்படும், ஆனால் அந்தக் கீயால் மட்டும் ஆக்டிவேட் ஆகாது, அதாவது உரிமம் உறுதியாகாது. அது எந்தப் பதிப்பை நிறுவுவது என்று சொல்லும் அடையாளமே தவிர, உரிமம் அல்ல. அதேபோல் செட்டிங்ஸில் தெரியும் புராடக்ட் ஐடி என்ற 20 குறிகள் கொண்ட எண்ணும் கீ அல்ல. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

பழைய ஹார்ட் டிஸ்க் முழுமையாக நின்றுபோய் விண்டோஸே திறக்காவிட்டாலும் வழி இருக்கிறது. உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். அதில் சிஸ் என்ற அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் டேபிள்ஸ் என்று போனால் எம்எஸ்டிஎம் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். நிர்வாகி உரிமையோடு அதைத் திறந்தால் கடைசியில் உங்கள் கீ தெரியும். அந்தக் கோப்பே இல்லை என்றால் ஃபர்ம்வேரில் கீ இல்லை என்று பொருள். கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்க இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை. செலவு ஒரு பென் டிரைவும் அரை மணி நேரமும்தான்.

ஆனால் எஸ்எஸ்டி மாற்றுவதற்கு முன் புராடக்ட் கீயைவிட முக்கியமான இன்னொரு கீயைத் தேடி எடுத்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். சில மடிக்கணினிகளில், உரிமையாளருக்குத் தெரியாமலேயே, டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில், டிஸ்க்கில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் பிட்லாக்கர் பூட்டு இயங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகிப் புகைப்படங்களை எடுக்க முயலும்போது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. புராடக்ட் கீ போனால் இழப்பு பணம் மட்டும்தான்; இந்த 48 இலக்கம் போனால் பிள்ளைகளின் படங்களும் வீட்டுப் பத்திரங்களின் நகல்களும் போய்விடும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து, கருவிகள் பட்டியலில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் பிட்லாக்கர் கீ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும். இருந்தால் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கோப்புகளையும் இப்போதே வெளிப்புற டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள், ஏனெனில் பழுதாகத் தொடங்கிய ஹார்ட் டிஸ்க் எவ்வளவு நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல இயலாது.

அடுத்து நிறுவுதல். மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் நிறுவல் கோப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே உங்கள் மடிக்கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள பிராசசரும் இருந்தால், எப்படியும் புதிதாக நிறுவும்போது விண்டோஸ் 11-ஐயே போடுவது நல்லது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் அந்தப் பட்டியலில் உண்டு. விண்டோஸ் 10-க்கான உரிமம் அதே கணினியில் 11-க்கும் செல்லும். நிறுவல் நிரல் ஃபர்ம்வேரில் உள்ள கீயைத் தானே படித்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஒருவேளை கீயைக் கேட்டால், கீழே சிறிய எழுத்தில் உள்ள ஐ டோன்ட் ஹேவ் எ புராடக்ட் கீ என்பதை அழுத்துங்கள். நிறுவி முடித்து இணையத்தில் இணைந்ததும் ஆக்டிவேஷன் தானாக நடந்துவிடும்.

கீ இல்லை என்று சொல்லும் வழியில் போகும்போது பதிப்புகளின் பட்டியல் வரும். அங்கேதான் கவனம் வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் மடிக்கணினிகளில் பலவும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்புடன் வருகின்றன. பட்டியலில் அதற்குப் பக்கத்திலேயே ஹோம், புரோ ஆகியவையும் இருக்கும். பெரியதாக இருக்கட்டும் என்று புரோவைத் தேர்ந்தெடுத்தால், உங்களிடம் உள்ள உரிமம் அதற்குப் பொருந்தாது, ஆக்டிவேட் ஆகாது. பதிப்பு மாறிவிட்டதுதான் காரணம் என்று புரியாமல் கீ போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் ஏராளம். அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் முன் பதிப்பின் முழுப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவி ஒருவரின் மடிக்கணினியில் இதுதான் நடந்தது. ஒரு கடையில் ஃபார்மேட் செய்து புரோ பதிப்பைப் போட்டு, கீக்கென்று பணமும் வாங்கியிருந்தார்கள். சில மாதங்கள் கழித்துத் திரையின் வலது மூலையில் ஆக்டிவேட் விண்டோஸ் என்ற எழுத்துகள் வந்து நின்றன. நான் மேலே சொன்ன ஆணையைக் கொடுத்துப் பார்த்தபோது வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று காட்டியது. இது நிறுவனங்களுக்கான முறை: நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஒரு சர்வர் இருக்கும், ஒவ்வொரு கணினியும் அதைத் தொடர்புகொண்டு 180 நாட்களுக்கு அனுமதி பெறும், அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். கடைகளில் போடப்படும் ஆக்டிவேட்டர் எனப்படும் நிரல்கள் இந்த சர்வரைப் போல நடிக்கின்றன. அவற்றைப் போடுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவிடுவார்கள், பின்னால் எது நுழைந்தாலும் தெரியாது. அந்த மாணவியின் கணினியில் ஃபர்ம்வேரைப் பார்த்தேன், ஹோம் சிங்கிள் லாங்குவேஜுக்கான முறையான கீ அங்கேயே இருந்தது. சரியான பதிப்பை மறுபடி நிறுவினோம். இணையத்தில் இணைந்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. அவர் பணம் கொடுத்தது, ஏற்கெனவே தன்னிடம் இருந்ததைவிடத் தாழ்ந்த ஒன்றுக்காக. எனக்கு அன்று வந்த வருத்தம்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதவைக்கிறது.

டிஜிட்டல் உரிமம் என்பதையும் விளக்கிவிடுகிறேன். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக மேம்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு வந்தது. அப்படி மாறிய கணினிகளுக்குத் தனிக் கீ எதுவும் தரப்படவில்லை. அந்தக் கணினியின் வன்பொருளிலிருந்து, குறிப்பாக மதர்போர்டிலிருந்து, ஓர் அடையாளம் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் பதிந்துகொண்டது. அதன்பின் அதே மதர்போர்டில் அதே பதிப்பை எத்தனை முறை நிறுவினாலும் சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும். 2016 ஆகஸ்டில் வந்த பதிப்பிலிருந்து இந்த உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கவும் முடிகிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, உங்கள் கணக்கோடு டிஜிட்டல் உரிமம் இணைக்கப்பட்டுள்ளதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கணக்கில் நுழைந்து இணைத்துவிடுங்கள். பின்னாளில் வன்பொருள் மாறியதால் ஆக்டிவேஷன் போனால், அதே பக்கத்தில் உள்ள ட்ரபுள்ஷூட்டரில் அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலிலிருந்து உங்கள் கணினியைக் காட்டலாம். கணக்கோடு முன்கூட்டியே இணைத்திருந்தால்தான் இது உதவும்.

எஸ்எஸ்டி, ரேம் ஆகியவற்றை மாற்றினால் உரிமத்துக்கு ஒன்றும் ஆகாது. மதர்போர்டை மாற்றினால் மட்டுமே சிக்கல், ஏனெனில் மடிக்கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு பிணைந்தது. என்றைக்காவது நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்ற நேர்ந்தால், புதிய போர்டில் விண்டோஸ் கீயும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கணினியைக் கையில் வாங்கும் முன் கேளுங்கள். தனிப் பெட்டியில் வாங்கிய ரீட்டெய்ல் உரிமமாக இருந்தால் வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். அத்தகைய கீ தொலைந்தால், மைக்ரோசாஃப்டின் இணையக் கடையில் வாங்கியவர்கள் கணக்கின் ஆர்டர் விவரங்களையும் அப்போது வந்த மின்னஞ்சலையும் பார்க்கலாம். வேறு கடையில் வாங்கியவர்கள் அந்தக் கடையைத்தான் கேட்க வேண்டும். விற்ற கீகளின் பதிவேட்டை வைத்துத் தொலைந்த கீயை மைக்ரோசாஃப்ட் எடுத்துத் தருவதில்லை. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படும் கீகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்பட்டவை கசிந்து விற்பனைக்கு வருவது உண்டு, முடக்கப்படும்போது கேட்க ஆள் இருக்காது.

இனி மேசைக் கணினி. அந்த ஸ்டிக்கரில் உள்ள கீயைப் படிப்பதற்கு ஓர் உதவி இருக்கிறது. விண்டோஸ் கீகளில் எல்லா எழுத்துகளும் வருவதில்லை. குழப்பம் வராதபடி 24 குறிகள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பி (B), சி, டி (D), எஃப், ஜி, எச், ஜே, கே, எம், பீ (P), க்யூ, ஆர், ட்டி (T), வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய பதினேழு ஆங்கில எழுத்துகளும், 2, 3, 4, 6, 7, 8, 9 ஆகிய ஏழு இலக்கங்களும்தான் அவை. 0, 1, 5 என்ற இலக்கங்கள் இல்லை. உயிரெழுத்துகளும் எல், எஸ், இசட் ஆகியவையும் இல்லை. எனவே பூஜ்யம் போலத் தெரிவது டி அல்லது க்யூ. இசட் போலத் தெரிவது 2. எஸ் போலவோ 5 போலவோ தெரிவது பெரும்பாலும் 8, 6 ஆகியவற்றில் ஒன்று. என் என்ற எழுத்து விண்டோஸ் 8-இலிருந்துதான் கீகளில் இடம்பெறுகிறது, ஆகவே உங்கள் விண்டோஸ் 7 ஸ்டிக்கரில் அப்படித் தெரிவது எம் அல்லது எச் ஆக இருக்கலாம். விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்து, அலைபேசியில் நெருக்கமாகப் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடுகள் தெரியவரும். சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் தடவாதீர்கள், மீதி மையும் போய்விடும்.

மூன்று எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாத்தியங்கள் என்றால் மொத்தம் எட்டு கீகள்தான். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். தவறான கீயை நிறுவல் நிரல் இணையம் இல்லாமலேயே ஏற்க மறுத்துவிடும் என்பதால் சரியானது எது என்று உடனே தெரியும். ஒரு தொகுதி முழுவதுமே அழிந்திருந்தால் இந்த வழி பயன்படாது. ஐந்து இடங்களுக்கு 24 குறிகள் என்றால் ஏறக்குறைய எண்பது லட்சம் வாய்ப்புகள். அந்தக் கணினி இன்னும் ஓடுகிறது, ஆகவே அதிலிருந்தே கீயை எடுக்கலாமே என்று தோன்றும். பெயர்பெற்ற நிறுவனத்தின் கணினி என்றால், விண்டோஸ் 7-க்குள் பதிந்திருப்பது அந்த நிறுவனம் தன் கணினிகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்திய கீ. ஸ்டிக்கரில் உள்ளது வேறு. கீ காட்டும் செயலியின் விடையும் ஸ்டிக்கரும் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம். கடையில் உதிரிபாகங்களைக் கோத்துச் செய்த கணினி என்றால் பதிந்திருப்பதே உங்கள் கீயாக இருக்க வாய்ப்புண்டு.

எனினும், இவ்வளவு உழைத்து அந்தக் கீயை மீட்பதற்கு முன் அதனால் இன்று என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. அதன் கீயைக் கொண்டு புதிய விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் வழியையும் மூடிவிட்டதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் அந்தக் கணினி எப்போதாவது ஒரு நாள் விண்டோஸ் 10-க்கு முறையாக மேம்படுத்தப்பட்டு ஆக்டிவேட் ஆகியிருந்தால், சர்வரில் அதன் பதிவு இருக்கும். ஆகவே முதலில் வீட்டில் அனைவரையும் கேளுங்கள், யாராவது 2015, 2016-இல் அதை மேம்படுத்தினார்களா என்று. ஆம் என்றால் ஸ்டிக்கரைத் தொட வேண்டாம். விண்டோஸ் 10-ஐக் கீ இல்லை என்று சொல்லி நிறுவினால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். இல்லையென்றால், பழைய மென்பொருள் ஒன்று விண்டோஸ் 7-இல் மட்டுமே ஓடும் என்ற கட்டாயம் இருந்தால் ஒழிய, நான் அந்தக் கணினியில் லினக்ஸ் மின்டைப் போடுவேன். அதற்குக் கீ என்ற ஒன்றே கிடையாது. பழைய கணினியிலும் நன்றாக ஓடும், பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தொடர்ந்து வரும். கட்டாயம் இருந்தால் விண்டோஸ் 7-ஐ அந்த ஸ்டிக்கர் கீயால் நிறுவி, இணையத்தில் இணைக்காமல், அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.